காற்றுத் தூசியின் எடை தெரியும். அதில் கரையும் உலோகம் எவ்வளவு?

மொபைலில் காற்றுத் தர ஆப்பைத் திறந்தால் ஒரு எண் வரும். கூடவே பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு நிறமும் வரும். பெரும்பாலான நாட்களில் அந்த எண்ணைத் தீர்மானிப்பது பிஎம் 2.5 அல்லது பிஎம் 10. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் மிதக்கிறது என்ற கணக்கு அது. சிம்பிளாகச் சொன்னால், தூசியின் எடை.

எடை முக்கியம்தான். ஆனால், அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 60 மைக்ரோகிராம் செம்மண் தூசியும், 60 மைக்ரோகிராம் எண்ணெய் எரித்த சாம்பலும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். நுரையீரலுக்கு ஒன்றல்ல. இரண்டிலும் இரும்பு இருக்கலாம். மண்ணில் இருக்கும் இரும்பு தாதுவுக்குள் இறுகிக் கிடக்கும். தண்ணீர் பட்டாலும் லேசில் வெளியே வராது. எண்ணெய்ச் சாம்பலில் இருக்கும் இரும்போ ஈரம் பட்டதுமே கரைய ஆரம்பித்துவிடும்.

காற்றுத் துகளில் இருக்கும் உலோகத்தில் எத்தனை சதவீதம் தண்ணீரில் கரையும் என்று அளப்பதற்கு ஒரு தனி ஆய்வுத் துறையே இருக்கிறது. அந்த அளவீடு இந்தியாவின் காற்றுத் தரக் கணக்கில் இன்னும் இடம்பெறவில்லை. அது ஏன் இடம்பெற வேண்டும்?

கரைந்தால் என்ன, கரையாவிட்டால் என்ன?

நுரையீரலின் உட்புறத்தை மெல்லிய திரவப் படலம் ஒன்று மூடியிருக்கிறது. மூச்சோடு போகும் நுண்துகள் முதலில் அதில்தான் விழும். துகளில் இருக்கும் உலோகம் கரைந்தால் அயனியாக மாறும். இரும்பு, தாமிரம் போன்ற உலோக அயனிகளுக்கு ஒரு குணம் உண்டு. எலக்ட்ரானை வாங்கும், கொடுக்கும், திரும்ப வாங்கும். இப்படி நடக்கும்போதெல்லாம் ஆக்ஸிஜனின் தீவிர வினை புரியும் வடிவங்கள் உருவாகின்றன. அவை செல்களைத் தாக்கி அழற்சியைத் தூண்டுகின்றன. கொஞ்சம் உலோகமே இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் என்பதுதான் சிக்கல்.

கரையாத துகள் பாதுகாப்பானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதுவும் நுரையீரலில் தங்கி தொந்தரவு தரும். ஆனால், உடலுக்குள் போனதும் யார் முதலில் வேலையைக் காட்டுவார் என்று கேட்டால், கரையும் உலோகம் முன் வரிசையில் நிற்கும். இதற்கு ஒரு வலுவான ஆதாரம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தற்செயலாகக் கிடைத்தது.

ஒரு வேலைநிறுத்தம் காட்டிய உண்மை

யூட்டா பள்ளத்தாக்கில் ஜெனீவா என்ற எஃகு ஆலை இருந்தது. அந்தப் பகுதியின் துகள் மாசில் பெரிய பங்கு அதனுடையது. தொழிலாளர் பிரச்னையால் 1986 ஆகஸ்ட்டில் ஆலை மூடப்பட்டது. 1987 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. இடையில் ஏறக்குறைய 13 மாதங்கள் புகைபோக்கி ஓய்வெடுத்தது.

பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஆர்டன் போப், ஒரு பொருளாதாரப் பேராசிரியர். அவர் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா போன்ற பிரச்னைகளுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். 1989-ல் அவர் இதை வெளியிட்டார்.

உடனே ஒரு கேள்வி வரும். ஆலை மூடியதால் தூசி குறைந்தது, தூசி குறைந்ததால் நோய் குறைந்தது. இதில் உலோகத்துக்கு என்ன வேலை?

அதற்கான பதில் பத்தாண்டுகள் கழித்து வந்தது. அந்த மூன்று ஆண்டுகளிலும் கண்காணிப்பு நிலையத்தில் தூசி பிடித்த ஃபில்டர் தாள்கள் தூக்கி எறியப்படவில்லை, பத்திரமாக இருந்தன. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ கியோ, ராபர்ட் டெவ்லின் இருவரும் அந்த ஃபில்டர்களைத் தண்ணீரில் ஊறவைத்து, கரைந்து வந்த சாற்றை மட்டும் எடுத்தார்கள். ஆலை மூடும் முன்பு, மூடியிருந்தபோது, திறந்த பின்பு என மூன்று சாறுகள். சம்மதம் தந்த ஆரோக்கியமான தன்னார்வலர்களின் நுரையீரலில் மிகச் சிறிய, சம எடையுள்ள சாற்றைச் செலுத்தி, 24 மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள்.

ஆலை ஓடிய காலத்துச் சாறு தெளிவான அழற்சியை உண்டாக்கியது. மூடியிருந்த காலத்துச் சாறு அந்த அளவுக்கு உண்டாக்கவில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: கொடுத்த எடை ஒன்றே. வித்தியாசம் உள்ளடக்கத்தில். ஆலை ஓடிய ஆண்டுகளின் சாற்றில் உலோகங்கள் அதிகமாக இருந்தன. 2001-ல் வெளியான இந்த ஆய்வு, துகளின் எடை மட்டும் போதாது என்ற வாதத்துக்கு இன்றுவரை முக்கியமான சான்று.

இதற்கு முன்பே 1997-ல் எலிகளிடம் நடந்த ஒரு சோதனையும் இதையே சொன்னது. எண்ணெய்ச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிய நீர் மட்டுமே எலிகளின் நுரையீரலைப் பாதித்தது. அந்த நீரிலிருந்து இரும்பு, நிக்கல், வனேடியம் ஆகியவற்றை நீக்கிவிட்டுக் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு இல்லை.

சரி, இதை எப்படி அளக்கிறார்கள்?

கேட்பதற்கு எளிமையான வேலை. காற்றை ஒரு ஃபில்டர் வழியாக இழுத்துத் தூசியைப் பிடிக்க வேண்டும். ஃபில்டரில் ஒரு பகுதியை வெட்டி மிகத் தூய்மையான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரை நுண்துளை வடிகட்டியில் வடிகட்டி, அதில் எவ்வளவு உலோகம் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபில்டரின் இன்னொரு பகுதியை வீரியமான அமிலங்களில் முழுவதுமாகக் கரைத்து மொத்த உலோகத்தை அளக்க வேண்டும். கரைந்ததை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கரைதிறன் சதவீதம் கிடைத்துவிடும்.

அளவுகளைப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். பிஎம் 2.5 கருவி ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். 24 மணி நேரத்தில் அது 24 கன மீட்டர். காற்றில் 60 மைக்ரோகிராம் தூசி இருந்தால் ஒரு நாள் முழுக்க ஃபில்டரில் சேர்வது 1.44 மில்லிகிராம். ஒரு கடுகின் எடை அளவுக்குத்தான் வரும். அதற்குள் இருக்கும் நிக்கலைத் தேட வேண்டும். இந்தியத் தர வரம்பான 20 நானோகிராமிலேயே நிக்கல் இருந்தாலும், 24 கன மீட்டருக்கு 480 நானோகிராம்தான். அரை மைக்ரோகிராம்கூட இல்லை. அதிலும் கரைந்த பகுதி மட்டும் வேண்டும்.

இவ்வளவு சிறிய அளவை ஐசிபி-எம்எஸ் என்ற கருவி பிடித்துவிடும். கரைசலை மிகச் சூடான பிளாஸ்மாவில் செலுத்தி, அணுக்களை அயனிகளாக்கி, நிறையின்படி பிரித்து எண்ணும் கருவி அது. பிரச்னை கருவியில் இல்லை. ஃபில்டர் தாளிலேயே கொஞ்சம் உலோகம் இருக்கும். வெட்டும் கத்தரிக்கோலில் இருந்தும், ஆய்வகத்துத் தூசியில் இருந்தும்கூட ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தூசியே படாத வெற்று ஃபில்டரையும் இதேபோல் ஊறவைத்து அளந்து, அந்தக் கணக்கைக் கழிப்பது கட்டாயம்.

ஒரே தூசி, வேறு வேறு விடை

ஃபில்டர் காபி போடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். ஒரே காபித் தூள்தான். ஆனால் எவ்வளவு தண்ணீர், என்ன சூடு, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து டிகாக்‌ஷன் மாறும். மேலிருந்து ஊற்றி இறங்கவிட்டால் ஒரு மாதிரி. தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வேறு மாதிரி.

உலோகக் கரைதிறனிலும் இதேதான். சில ஆய்வகங்கள் ஃபில்டர் மீது தண்ணீரைச் சில நொடிகளில் ஓடவிட்டுச் சேகரிக்கும். சில ஆய்வகங்கள் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரில் போட்டுக் குலுக்கும். சிலர் தண்ணீருக்குப் பதில் அம்மோனியம் அசிட்டேட் கரைசல், சிலர் அசிட்டிக் அமிலம், சிலர் கடல்நீர், சிலர் நுரையீரல் திரவம் போலத் தயாரித்த செயற்கைத் திரவம் பயன்படுத்துவார்கள். வடிகட்டியின் துளை 0.45 மைக்ரோமீட்டரா, 0.2 மைக்ரோமீட்டரா என்பதும் விடையை மாற்றும். ஏனென்றால் அந்தத் துளையில் நுழைந்துவிட்ட நுண்துகளையும் ‘கரைந்தது’ என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும்.

தூய தண்ணீரிலும் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. அதற்கென்று அமிலத்தன்மையை நிலையாக வைத்திருக்கும் சக்தி கிடையாது. தூசியிலேயே அமிலம் இருந்தால், ஊறும் தண்ணீரும் அமிலமாகிவிடும். அதே தூசியைக் குறைந்த தண்ணீரில் ஊறவைத்தால் தண்ணீர் இன்னும் புளிக்கும். உலோகம் இன்னும் கரையும். இரும்பு இன்னொரு வகையில் ஏமாற்றும். அமிலம் குறைந்த நீரில் கரைந்த இரும்பு, நேரம் போகப் போகத் துருவாக மாறித் திரும்ப வெளியே வந்துவிடும். எனவே, அதிக நேரம் ஊறினால் அதிகம் கரையும் என்றும் நம்ப முடியாது.

கடலில் கலக்கும் நுண் உலோகங்களை ஆராயும் ஜியோட்ரேசஸ் என்ற சர்வதேசத் திட்டம், 2008-ல் அமெரிக்காவின் மயாமியில் தூசி சேகரித்து அந்த ஃபில்டர்களைப் பல ஆய்வகங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது. மொத்த உலோக அளவில் ஆய்வகங்களின் விடைகள் ஓரளவு ஒத்துப்போயின. கரையும் பகுதியில் வேறுபாடு கூடுதலாக இருந்தது. ஒவ்வொருவரும் தங்களுக்குப் பழகிய முறையில் ஊறவைத்தது அதற்கு முக்கியக் காரணம். இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே ‘ரஸ்டட்’ என்ற சர்வதேச ஆய்வுக் குழு இப்போது வேலை செய்கிறது. ரஸ்டட் என்றால் துருப்பிடித்தது. பொருத்தமான பெயர்தான்.

கடல் ஆராய்ச்சி இதில் எங்கே வந்தது?

கரைதிறனை அளப்பதில் நீண்ட காலமாக முன்னால் நிற்பவர்கள் கடலியல் ஆய்வாளர்கள். உலகக் கடல்களின் பெரிய பரப்புகளில் மற்ற சத்துகள் எல்லாம் இருந்தும் இரும்பு இல்லாததால் நுண்பாசிகள் வளர்வதில்லை. கரையிலிருந்து தொலைவில் இருக்கும் கடலுக்குக் காற்றில் வரும் தூசிதான் இரும்பைக் கொண்டுவரும் முக்கிய வழிகளில் ஒன்று. பாசிக்குப் பயன்படுவதோ பெரும்பாலும் கரைந்த இரும்பு. ஆக, எத்தனை டன் தூசி விழுந்தது என்பதைவிட, அதில் எவ்வளவு கரைந்தது என்பது அவர்களுக்கு உயிர்நாடியான கேள்வி.

அவர்கள் கண்ட இடைவெளி மலைக்க வைப்பது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், வறண்ட நிலத்து மண்ணில் இருந்த இரும்பில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே கரைந்தது. எண்ணெய் எரித்த சாம்பலில் இருந்த இரும்பில் 80 சதவீதம் அளவுக்குக் கரைந்தது. இரண்டும் இரும்புதான். எடை போட்டால் வித்தியாசம் தெரியாது, ஊறவைத்தால் தெரிந்துவிடும்.

பணம் எடையின் பின்னால் போகிறது

இந்தியாவின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 2009-ல் வெளியான தேசிய காற்றுத் தர வரம்புகளில் 12 மாசுகள் இருக்கின்றன. அதில் உலோகங்கள் என்றால் ஈயம், நிக்கல், ஆர்சனிக் ஆகிய மூன்றும்தான். அவற்றையும் ஃபில்டரிலிருந்து அமிலத்தில் பிரித்தெடுத்தோ, எக்ஸ் கதிர் முறையிலோ மொத்த அளவாகத்தான் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு கரையும் என்ற கேள்வியே அங்கு இல்லை. இரும்புக்கும் தாமிரத்துக்கும் வரம்பே இல்லை.

2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டமும் எடையைத்தான் பார்க்கிறது. தமிழகத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நகரங்கள் இந்தத் திட்டத்தில் இருக்கின்றன. துகள் அளவு எத்தனை சதவீதம் குறைந்தது என்பதுதான் ரிப்போர்ட் கார்டு. அளவுகோல் எப்படியோ, செலவும் அப்படியே. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தத் திட்ட நிதியில் சுமார் 64 சதவீதம் சாலைத் தூசியைக் கட்டுப்படுத்தும் வேலைகளுக்குப் போயிருக்கிறது. தொழிற்சாலை மாசுக்குச் சென்றது 1 சதவீதத்துக்கும் குறைவு.

சாலைத் தூசியை அள்ளுவது வீண் என்று சொல்ல முடியாது. அதிலும் பிரேக், டயர் தேய்மானத்தின் உலோகங்கள் கலந்திருக்கின்றன. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரின் காற்றில் மண் தூசியிலிருந்து வரும் இரும்பு 900 நானோகிராம், எரிப்புப் புகையிலிருந்து வரும் இரும்பு 100 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மண் இரும்பில் 1 சதவீதமும் புகை இரும்பில் 50 சதவீதமும் கரைந்தால், கரையும் இரும்பு முறையே 9, 50 நானோகிராம். எடையில் பத்தில் ஒரு பங்கு இருந்த புகை, கரையும் கணக்கில் ஐந்து மடங்குக்கு மேல் முந்துகிறது. எடையை மட்டும் பார்க்கும் மாநகராட்சி, துடைப்பம் வாங்கும். கரைவதையும் பார்க்கும் மாநகராட்சி, புகைபோக்கியையும் திரும்பிப் பார்க்கும்.

புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பது ஏன்?

செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் மேலிருக்கும் கறுப்பு கரைந்து போகும். புளியில் இருக்கும் அமிலம் செய்யும் வேலை அது. காற்றிலும் இதே வேதியியல்தான். நிலக்கரியிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடு, காற்றில் சல்ஃபேட்டாகவும் சல்ஃப்யூரிக் அமிலமாகவும் மாறித் துகள்களின் மேல் படிகிறது. காற்றில் மிதக்கும்போதே அந்த அமிலம் உலோகத்தைக் கரையும் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

அனல்மின் நிலையங்களில் சல்ஃபர் டை ஆக்சைடை நீக்கும் எஃப்ஜிடி கருவி தொடர்பான விவாதத்தில் இந்தக் கோணம் பெரிதாகப் பேசப்படவில்லை. 2015-ல் வந்த விதிமுறைக்குப் பல முறை கால நீட்டிப்பு தரப்பட்டது. 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்தது. காற்றில் சல்ஃபர் டை ஆக்சைடு ஏற்கெனவே வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது முன்வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று. வாயுவாக இருப்பதை மட்டும் எண்ணினால் அந்த வாதம் நிற்கலாம். அந்த வாயு அமிலமாகி, பக்கத்தில் மிதக்கும் உலோகத்தை எவ்வளவு கரைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? காற்றில் இருக்கும் அம்மோனியா இந்த அமிலத்தை ஓரளவு தணிக்கும். ஊருக்கு ஊர் நிலைமை மாறும். அதனால்தான் அனுமானம் போதாது, அளவீடு வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலைக்குச் செலவே அதிகம் இல்லை. கையால் ஃபில்டர் மாற்றும் கண்காணிப்பு நிலையங்களில் ஆண்டுக்குக் குறைந்தது 104 நாட்கள் அளவீடு எடுக்க வேண்டும் என்பது விதி. எடை போட்டு முடிந்த அந்த ஃபில்டர்களில் ஒரு பகுதியையாவது உறையிட்டு, தேதி எழுதி, குளிர்நிலையில் பாதுகாக்க வேண்டும். யூட்டாவில் பழைய ஃபில்டர்களை யாராவது குப்பையில் போட்டிருந்தால் 2001-ன் ஆய்வு நடந்திருக்கவே முடியாது. நம் ஊரில் ஒரு ஆலை மூடப்படலாம், திறக்கப்படலாம்; ஒரு எரிபொருள் மாறலாம். முன்பு என்ன, பின்பு என்ன என்று பத்து ஆண்டு கழித்துக் கேட்பவருக்குக் கையில் தாள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மொத்த உலோகத்தை அளக்கும் அதே ஃபில்டரில் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்தும் அளக்க வேண்டும். எல்லா நிலையத்திலும் வேண்டாம். தொழிற்சாலைப் பகுதி, துறைமுகம், நெரிசலான சாலை, குடியிருப்பு என நகரத்துக்குச் சில இடங்களில் தொடங்கினாலே போதும்.

மூன்றாவது, எல்லா ஆய்வகங்களும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம், எந்தத் துளை அளவு என்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சென்னையின் 20 சதவீதமும் கான்பூரின் 40 சதவீதமும் காற்றின் வித்தியாசமா, ஊறவைத்த விதத்தின் வித்தியாசமா என்றே தெரியாது.

தண்ணீரில் கரைவது மட்டுமே நச்சு என்று சொல்வதும் தவறு. கரிமச் சேர்மங்கள் இருக்கின்றன. தண்ணீரில் கரையாதது, செல்லுக்குள் இருக்கும் அமிலச் சூழலில் கரையலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பிஎம் 2.5 ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம், இந்தியாவின் வரம்பு 40 என்ற நிலையில், எடையைக் குறைக்கும் வேலையும் பாக்கி இருக்கிறது. ‘எங்கள் தூசி கரையாத தூசி’ என்று யாரும் தப்பித்துக்கொள்ள இந்த அளவீடு சாக்காகிவிடக் கூடாது.

எடையைக் குறைக்க எங்கே முதலில் கை வைப்பது என்ற கேள்விக்குத்தான் இது உதவும். நிதியும் நேரமும் குறைவாக இருக்கும் நகரங்களுக்கு அந்தக் கேள்வி சின்னதல்ல. தேசிய தூய காற்றுத் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு இலக்கு எழுதும்போது, ‘எத்தனை மைக்ரோகிராம்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘அதில் கரைவது எவ்வளவு’ என்று இன்னொரு பத்தியையும் சேர்க்க வேண்டும்.